அத்தைக்கு நான் எழுதிய ஆங்கில அடைமொழிகள்

பல வருடம் தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு வந்து நின்றபோது என்னிடம் இருந்தவை ஒரு முதுகுப்பை, ஒரு ஜோடி தேய்ந்த ஷூ, நிறைய ஆங்கிலம். ஷூவை அம்மா வாசலோடு நிறுத்திவிட்டார். ஆங்கிலத்தை எங்கே வைப்பது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஓட்டலில் பாத்திரம் கழுவினேன், தோட்டத்தில் பழம் பறித்தேன், கப்பலில் படுக்கை விரிப்பு மடித்தேன் என்று நான் பெருமையாகச் சொன்னதையெல்லாம் அப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு, இதில் ஒன்றையாவது இந்த வீட்டில் செய்திருக்கிறாயா என்றார். வேலை கிடைக்கும்வரை நான் அத்தை வீட்டில் இருப்பது எல்லோருடைய ரத்தக் கொதிப்புக்கும் நல்லது என்று முடிவாயிற்று.

அத்தை அப்பாவுக்கு அக்கா. தனி ஆள். போனதும் அவருக்கு உபகாரமாக ஏதாவது செய்வோம் என்று சமையலறையில் ஒரு பலகை அடித்தேன். உலகம் சுற்றியவளுக்கு ஒரு பலகை பெரிதா என்ன. மூலையில் கிடந்த ரசமட்டத்தை எடுத்து, குமிழி நடுவில் நிற்கும்படி பார்த்துப் பார்த்து ஆணி அறைந்தேன். கொத்தனாரும் தச்சரும் வைத்திருப்பார்களே, நடுவில் கண்ணாடிக் குழாய் பதித்த பட்டை, அதுதான். பலகையின் மேல் டம்ளர்களை அடுக்கிவிட்டு, அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு டம்ளர் மெல்ல நகர்ந்து, ஓரத்துக்குப் போய், என் பெருமையோடு சேர்ந்து கீழே விழுந்தது.

அத்தை டம்ளரைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த ரசமட்டத்தைத்தான் பார்த்தார்.

"இதை வெச்சா பார்த்த? போச்சு போ."

அத்தைக்கு வேலையே ரசமட்டம் செய்யும் பட்டறையில்தான். இரண்டு தெரு தள்ளி, தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். ஒரு முனையில் அலுமினியப் பட்டைகளை அறுக்கிறார்கள், மறுமுனையில் அட்டைப்பெட்டியில் போட்டு லாரியில் ஏற்றுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில், கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறையில் அத்தை. அவர் முன்னால் ஒரு கல்மேடை, அதன் அடியில் ஒரு திருகு. ரசமட்டத்தைக் கல்லின் மேல் வைப்பார். குமிழி இரண்டு கோடுகளுக்கும் நடுவில் வந்து நிற்கும்வரை திருகைத் திருப்புவார். பிறகு ரசமட்டத்தைத் தூக்கி, தலைமாடு கால்மாடு மாற்றி, அதே இடத்தில் வைப்பார். நல்லது என்றால் குமிழி நடுவிலேயே நிற்கும். பொய் சொல்கிற ரசமட்டம் என்றால் குமிழி ஒரு பக்கமாக ஓடிவிடும். ஓடினால் சுருளிலிருந்து ஒரு சிவப்புப் புள்ளியை உரித்து அதன் மேல் ஒட்டிவிடுவார். அவ்வளவுதான் வேலை. இதை வருடக்கணக்காகச் செய்கிறார். எனக்கென்றால் இரண்டு வாரத்தில் பைத்தியம் பிடித்து, மூன்றாவது வாரமே வேறு நாட்டுக்கு டிக்கெட் எடுத்திருப்பேன்.

சிக்கல் அந்தப் புள்ளிக்குப் பிறகு ஆரம்பிக்கும். பேக்கிங் பகுதிக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். அவருக்குப் பட்டறை வைத்த பெயர் 'பரவாயில்லை'. பெட்டி நசுங்கினால் பரவாயில்லை, சீட்டு தலைகீழாக ஒட்டினால் பரவாயில்லை, மழையில் லாரி நனைந்தால் அதுவும் பரவாயில்லை. நல்ல மனிதர்தான். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். ஆனால் லாரி வந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்து, பெட்டி நிறையவில்லை என்றால், சிவப்புப் புள்ளி வைத்ததில் நாலைந்தை நகத்தால் உரித்துவிட்டு உள்ளே போட்டுவிடுவார். அத்தை போய் நின்றால், "அக்கா, மயிரிழை வித்தியாசம். கட்டடம் என்ன விழுந்தா போகுது?" என்பார். அத்தைக்குப் புள்ளி வைக்கத்தான் அதிகாரம். அதை உரிக்கக் கூடாது என்று சொல்ல அதிகாரம் இல்லை.

அப்படிப் போன ஒன்றுதான் ஒரு நாள் திரும்பி வந்தது. ஒரு தச்சர் கொண்டு வந்தார். ஒரு புது வீட்டில் சமையலறை முழுக்கப் பலகை அடித்திருக்கிறார். எல்லாம் ஒரே பக்கம் சாய்வு. வீட்டுக்காரர் அத்தனையையும் கழற்றச் சொல்லிவிட்டார், கூடவே தொழில் தெரியாதவன் என்றும் சொல்லிவிட்டார். தச்சர் சத்தமே போடவில்லையாம். ரசமட்டத்தை மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு, தன் கையில்தான் ஏதோ கோளாறு என்று மனைவியிடம்கூடச் சொல்லிவிட்டேன் என்றாராம். அத்தை அதை எடுத்துப் பார்த்தார். பட்டையில் வட்டமாகப் பசைத் தடம். தன் புள்ளி இருந்த இடம். தச்சருக்குப் புதிதாக ஒன்று கொடுத்து அனுப்பினார்கள். பழையது அத்தையோடு வீட்டுக்கு வந்தது.

அதை வைத்துத்தான் நான் பலகை அடித்திருந்தேன்.

கழற்றிவிடட்டுமா என்று கேட்டேன். அத்தை வேண்டாம் என்றார். ஓரத்தில் ஒரு டப்பாவை முட்டுக் கொடுத்தார், அதோடு அந்த வீட்டில் அந்த விவகாரம் முடிந்தது. இங்கேதான் நான் அத்தையைப் புரிந்துகொள்ளத் தவறினேன். பட்டறையில் மயிரிழைக்கு மல்லுக்கு நிற்கிறவர் வீட்டில் எப்படி இருப்பார் என்று அந்த டப்பாவைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கலாம்.

கொஞ்ச நாளில் தலைமை அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. இறுதிச் சோதனையாளர் என்று புதிதாக ஒரு பதவி. அந்த ஆள் கையெழுத்துப் போட்டால்தான் லாரி கிளம்பும். அந்த ஆள் வைக்கிற புள்ளியை யாரும் தொடக் கூடாது. அத்தைக்கு இதைச் சொல்லும்போதே குரல் மாறிவிட்டது. பதவி என்பதற்காக இல்லை. வருடக்கணக்காக அவர் சொல்லிவரும் ஒரு 'கூடாது' முதல் முறையாகச் செல்லுபடி ஆகப் போகிறது. போட்டிக்குப் பரவாயில்லையும் நின்றார். அவர் வந்தால் புள்ளியை உரிக்கிறவரே புள்ளி வைக்கிறவரும் ஆகிவிடுவார்.

ஒவ்வொருவரும் தங்களைப் பற்றி யாரையாவது விட்டு ஆங்கிலத்தில் எழுதி வாங்கித் தர வேண்டும் என்றார் மேனேஜர். அத்தை நேரே வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"மருமகளே, அவ்ளோ ஊர் சுத்தினியே, அந்த இங்கிலீஷை எடுத்து வெளிய விடு. நல்லா பெருசா எழுது."

எனக்கு றெக்கை முளைத்துவிட்டது. வந்த நாளிலிருந்து முதல் முறையாக ஒருவர் என்னிடம் இருந்த ஒன்றைக் கேட்கிறார். ஆங்கிலத்தில் ஒழுங்குக்கும் துல்லியத்துக்கும் எத்தனை அடைமொழிகள் உண்டோ அத்தனையையும் இறக்கினேன். ஆக்யுரேட், ப்ரிசைஸ், கன்சிஸ்டென்ட், ரிலையபிள், சிஸ்டமேடிக், ரெகுலர், பங்க்சுவல். எல்லாவற்றுக்கும் மகுடமாக மெட்டிகுலஸ். ஒன்றை எழுதியதும் அதன் தங்கை நினைவுக்கு வரும், தங்கையை எழுதியதும் ஒன்றுவிட்ட சகோதரி வந்து நிற்பாள். யாரையும் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. யாரைப் பற்றி இதெல்லாம் என்பதைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும், அப்போதுதான் படிப்பவர் அசந்துபோவார் என்று எங்கோ கேட்ட ஞாபகம். அதனால் அத்தை பெயரை இரண்டாம் பக்கத்தில் கடைசி வரியில் வைத்தேன். அத்தை தாளை வாங்கி, படிக்காமல், கையால் எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்துவிட்டு, திருப்தியாகத் தலையாட்டினார்.

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. எழுதியிருந்தது தலைமை அலுவலகத்தின் விற்பனைப் பிரிவு. தாங்கள் அனுப்பியுள்ள புதிய பொருளின் விவரம் கிடைத்தது, மிகவும் சிறப்பாக உள்ளது. இதன் நீளம் என்ன, மாதம் எத்தனை தயாரிக்க முடியும், நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பவும்.

நடந்தது இதுதான். மேனேஜர் அறையிலிருந்த ஸ்கேனர் முதல் பக்கத்தை மட்டும் அனுப்பியிருக்கிறது. முதல் பக்கத்தில் பெயர் இல்லை. மனிதப் பிறவி என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. அடைமொழிகள் மட்டும் வரிசை கட்டி நின்றன. ரசமட்டம் செய்கிற இடத்திலிருந்து வந்த தாள் வேறு எதைப் பற்றி இருக்கும்? அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நானே படித்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

மேனேஜர் என்னையும் வரச் சொல்லியிருந்தார். பதிலை அவர் சத்தமாகப் படித்ததில் பட்டறை முழுக்க எழுந்து வந்துவிட்டது. அறுக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அக்கா ஒரு அடி மாடலா, இரண்டு அடி மாடலா என்று ஒருவர் கேட்டார். காந்தம் வைத்தது வேண்டும் என்றார் இன்னொருவர். அத்தையும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் மேனேஜர் அடுத்ததாகச் சொன்னதில் சிரிப்பு நின்றது. தேர்வுக் குழுவிடம் இப்போதைக்கு ஒரே ஒரு விண்ணப்பம்தான் இருக்கிறது, அது பரவாயில்லையுடையது. நாளை மதியத்துக்குள் அத்தையுடையது போகாவிட்டால் அதோடு முடிந்தது.

பரவாயில்லைக்கு எழுதிக் கொடுத்தவர் அவருடைய மச்சான், செல்போனில் தேடி எடுத்தாராம். மேனேஜர் அந்தத் தாளையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஆக்யுரேட், ப்ரிசைஸ், கன்சிஸ்டென்ட். மெட்டிகுலஸ்கூட இருந்தது. கிட்டத்தட்ட வரிசைகூட மாறவில்லை.

"ரெண்டும் ஒரே கடைல எடுத்ததாம்மா?" என்றார் மேனேஜர்.

மச்சானுக்கு ஐந்து நிமிடம் பிடித்திருக்கும். எனக்குப் பல வருடமும் பல நாடுகளும் பிடித்திருந்தன.

அன்று மாலை அத்தை சமையலறை மேசையில் என் தாளை விரித்தார். பக்கத்தில் சிவப்புப் புள்ளிச் சுருளை வைத்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் சொல் என்றார்.

பங்க்சுவல் என்றால் நேரம் தவறாதவர் என்றேன். அத்தை சிரித்த சிரிப்பில் புரையேறி, நான் தண்ணீர் எடுத்துத் தர வேண்டியிருந்தது. அத்தை எங்கேயும் நேரத்துக்குப் போனதாகக் குடும்பத்தில் ஒரு கதைகூடக் கிடையாது. என் பெற்றோர் கல்யாணப் புகைப்படங்களில் அத்தை இருப்பது சாப்பாட்டுப் பந்தியில் மட்டும். பட்டறைக்கும் தினமும் தாமதம்தான். கடைசி ரசமட்டம் முடியும்வரை எழுந்திருக்க மாட்டார் என்பதால் மேனேஜர் கண்டுகொள்வதில்லை. பங்க்சுவல் மேல் ஒரு புள்ளி விழுந்தது.

சிஸ்டமேடிக் என்றால் எதையும் ஒரு ஒழுங்கோடு செய்கிறவர். அத்தை எழுந்து போய்த் துணி அலமாரியைத் திறந்தார். உள்ளே இருந்தவை வெளியே வந்து எங்கள் காலடியில் விழுந்தன. இரண்டாவது புள்ளி. ரெகுலருக்கு, தான் மாத்திரை சாப்பிடும் லட்சணத்தைச் சொன்னார். கன்சிஸ்டென்ட் என்றால் என்றைக்கும் ஒரே மாதிரி என்றதும், நேற்றுப் போட்ட டீயையும் இன்று போட்ட டீயையும் நினைத்துப் பார்த்து இருவருமே ஒரே நேரத்தில் சுருளுக்குக் கை நீட்டினோம். ரிலையபிள் என்றால் நம்பி ஒரு பொறுப்பை ஒப்படைக்கலாம் என்றேன். என் அப்பா ஊருக்குப் போனபோது தன்னை நம்பி ஒப்படைத்த பூந்தொட்டிகளின் கதையைச் சொன்னார். மெட்டிகுலஸுக்கு வந்ததும் நான் தடுமாறினேன். அதை எங்கேயோ படித்திருந்தேன். அழகாக இருந்தது, எடுத்து வைத்துக்கொண்டேன்.

"உனக்கே தெரியாததை என் தலைல எதுக்குடி கட்டுற?"

புள்ளி.

ப்ரிசைஸில் என் கல்வியைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தேன். ஆக்யுரேட் வேறு, ப்ரிசைஸ் வேறு என்று விளக்க ஆரம்பித்தேன். குறியில் போய் அடிப்பது ஆக்யுரேட். குறி தவறினாலும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் போய் விழுவது ப்ரிசைஸ்.

அத்தை யோசித்தார். "அப்ப அது நீதான். எந்த வேலைக்குப் போனாலும் கரெக்டா அதே இடத்துல விட்டுட்டு வந்துடற."

அதற்குள் அத்தையின் கை மேசையின் மறுமுனைக்குப் போயிற்று. அங்கே என்னுடைய சொந்த வேலை விண்ணப்பம் கிடந்தது. முதல் வரியிலேயே பங்க்சுவல். அத்தை சுருளைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் விண்ணப்பத்தைப் பிடுங்கி அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

இப்படி எழுதும் தாள்களில் எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள், படிக்கிறவர்களுக்கும் அது தெரியும், ஒன்றும் ஆகாது என்று வாதாடினேன்.

"அதாவது பரவாயில்லைங்கற. அதுக்குத்தான் அங்க ஒருத்தர் இருக்காரே." அத்தை என் தாளைத் தட்டினார். "பட்டறைல வெச்சுப் பார்த்தா நான் நடுவுல நிக்கறேன். வீட்டுப் பக்கம் திருப்பி வெச்சா குமிழி எங்கயோ ஓடிப்போயிடுது. அப்படி ஒண்ணை நான் பாஸ் பண்ணுவனா?"

தாளில் இப்போது எழுத்தைவிடச் சிவப்பு அதிகம். அம்மை போட்ட குழந்தை மாதிரி இருந்தது. ஆக்யுரேட் மட்டும் தப்பித்திருந்தது. அதற்கும் புள்ளியை உரித்து வைத்திருந்தார். குறியில் அடிப்பதெல்லாம் ரசமட்டத்தின் வேலை, திருப்பி வைத்துப் பார்ப்பது மட்டும்தான் தன் வேலை என்றார்.

அப்படியானால் உங்களைப் பற்றி என்னதான் எழுதட்டும் என்று கேட்டேன். கொஞ்சம் எரிச்சலாகவே கேட்டேன் போலிருக்கிறது. அத்தை சாய்ந்த பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்த ஆசாரி அவர் கையைத்தான் சந்தேகப்பட்டாரு. கத்தியிருந்தாக்கூட எனக்கு இவ்ளோ உறுத்தியிருக்காது. நான் வெச்ச புள்ளியை யாரும் உரிக்கக் கூடாது. அதை எப்படி எழுதுவியோ எழுது."

தமிழில் அத்தைக்கு ஒரு வார்த்தை உண்டு: கறார். அதற்கு ஆங்கிலத்தில் ஒன்று தேடினேன். ஸ்ட்ரிக்ட் என்றால் விடுதி வார்டன் வந்து நிற்கிறார். ரிகரஸ் என்றால் யாரையோ கடுங்காவல் போட்டுச் சிறைக்கு அனுப்புவதுபோல் இருக்கிறது. கடைசியில் தேடுவதை விட்டுவிட்டு, பட்டறையில் எல்லோரும் சொல்லும் ஒரு சம்பவத்தை அப்படியே எழுதினேன். ஒரு முறை மேனேஜர் ஒரு விருந்தாளிக்குப் பரிசாகக் கொடுக்க, பளபளவென்று ஒரு ரசமட்டத்தைத் தானே பொறுக்கி எடுத்துப் பட்டுத்தாள் சுற்றிவைத்திருந்தார். அத்தை தாளைப் பிரித்தார், கல்லில் வைத்தார், திருப்பினார், விருந்தாளியின் கண்ணெதிரே புள்ளி ஒட்டினார். அடைமொழி ஒன்றுகூடப் போடவில்லை. தச்சரையும் பசைத் தடத்தையும் எழுதினேன். அத்தையின் பெயரை முதல் வார்த்தையாக வைத்தேன்.

தாமதமாக வருவதை எழுதவா, விடவா என்று கேட்டேன். இதற்குத்தான் அத்தை அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பதவி கைநழுவிப் போவதற்கு அந்த ஒரு வரி போதும், அது அவருக்கும் தெரியும். எழுது என்றார். உடனே வேண்டாம் என்றார். எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார், அதில் சர்க்கரை மறந்திருந்தார்.

"எழுதிடு. கொஞ்சம் சின்ன எழுத்துல."

மறுநாள் மேனேஜர் அறையில் தாளை நீட்டிய பிறகுதான் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. தாள் இவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். இவர் மூக்கறுபட்ட கதைதான் அதில் பாதி. உலகம் சுற்றியவளுக்கும் தோன்றவில்லை, எதையும் திருப்பிப் பார்க்கிறவருக்கும் தோன்றவில்லை. நான் கதவைப் பார்த்தேன். அத்தை தன் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினார்.

மேனேஜர் படித்தார். காது சிவந்தது. இரண்டாம் முறை படித்தார். பிறகு பேனாவை எடுத்தார். அந்தக் கதையை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஒண்ணு இல்லம்மா, ரெண்டு," என்றார். "முதல்ல எடுத்ததுக்குப் புள்ளி வெச்சாங்க. நான் வேற எடுத்துட்டு வந்தேன். அதுக்கும் வெச்சாங்க. எழுதறதுதான் எழுதறீங்க, சரியா எழுதுங்க."

ஒன்று என்பதை அடித்து இரண்டு என்று தன் கையாலேயே திருத்தினார். தாள் ஒரே பக்கம்தானா என்று முன்னும் பின்னும் பார்த்துவிட்டு ஸ்கேனரில் வைத்தார்.

பதில் இந்த முறை சரியான பிரிவிலிருந்து வந்தது. பதவி அத்தைக்கு. கடைசியில் ஒரு வரி: இனிமேலாவது நேரத்துக்கு வரவும். அது மற்றவற்றைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது. பரவாயில்லையிடம் எப்படிச் சொல்வது என்று எல்லோரும் தயங்கினார்கள். அவர் தானாகவே அத்தை அறைக்குப் போய், தனக்குப் பழக்கமான அந்த ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு வந்தாராம்.

புதுப் பதவியின் முதல் நாள், அத்தையை நேரத்துக்குக் கிளப்பும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். அலாரத்தை நான்தான் வைத்தேன். நான் தாண்டிவந்த ஏதோ ஒரு நாட்டின் நேரத்தில் என் செல்போன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது விடிந்து வெகு நேரம் கழித்துத்தான் தெரிந்தது. சாவியைத் தேடினோம். அந்தப் பலகையில் வைத்த சாவி சரிந்து, டப்பாவுக்குப் பின்னால் போயிருந்தது. அத்தை முன்னால் ஓட, நான் சாப்பாட்டுப் பையோடு பின்னால் ஓடினேன்.

பட்டறை வாசலில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பெட்டிகள் தயாராக வரிசையில் நின்றன. பரவாயில்லை அவற்றின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியும் நகராது. அத்தை மூச்சு வாங்கியபடி உள்ளே போய், பெட்டிகளில் ஒன்றைத் திறக்கச் சொல்லி, மேலே இருந்த ரசமட்டத்தை எடுத்துக் கல்லில் வைத்தார். திருகைத் திருப்பினார். குமிழி நடுவுக்கு வந்தது. தூக்கித் திருப்பி வைத்தார்.

குமிழி ஓடியது.

அத்தை புள்ளியை ஒட்டினார். லாரி இன்னொரு முறை ஹாரன் அடித்தது. பரவாயில்லையின் நகம் பழக்கதோஷத்தில் புள்ளியின் ஓரம்வரை போய் நின்றது. அத்தை நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பரவாயில்லை தன் கையை எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். பிறகு வாசல்வரை போய், ஹாரனை நிறுத்தும்படி டிரைவரிடம் சொன்னார்.

"அணைச்சுடுப்பா. அக்கா பெட்டி எல்லாத்தையும் பிரிக்கச் சொல்வாங்க. நேரமாகும்."

டிரைவர் எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னைக் கேட்டார். சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்று சொன்னேன்.